ஆப்பிரிக்கக் கிராமத்துக்குத் தன்னார்வலராகப் போனால், அங்கே ஒட்டிப்போக எவ்வளவு நாள் ஆகும்?

எனக்கு மூன்று மாதம் ஆனது. நான் இருந்தது காம்பியாவில், பாஸ்ஸே ஊரிலிருந்து உள்ளே தள்ளி மாண்டிங்கா இன மக்கள் வாழும் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலை.

வெயிலும் அடிபம்பும் நமக்குப் புதிதில்லை. அங்கே கழிப்பறைக்குப் பிளாஸ்டிக் கெண்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். கூட வந்த ஐரோப்பியர் தாளுக்கு அலைந்தபோது நான் நிம்மதியாக இருந்தேன். இடது கையால் எதையும் நீட்டக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவும் வேண்டியிருக்கவில்லை.

நான் சறுக்கியது நலம் விசாரிப்பதில். வழியில் பார்ப்பவர் நின்று 'சுமோலு லே?' என்பார். வீட்டு ஆட்கள் எங்கே என்று அர்த்தம். 'இ பெ ஜே', அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அம்மா எங்கே, பிள்ளைகள் எங்கே என்று போகும். என் அம்மா இருப்பது திருநெல்வேலியில். ஆனாலும் 'அங்கேதான்'. பள்ளிக்கு நேரமாகிறதே என்று நான் கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன். இரண்டு வாரத்தில் ஊர்த்தலைவர், அல்காலோ என்பார்கள், நான் தங்கியிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அந்தப் பையனுக்கு நம் மேல் என்ன கோபம்?" என்று கேட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன்.

சாப்பாடு ஒரே பெரிய கிண்ணத்தில், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து. உங்களுக்கு நேராக இருக்கும் பகுதியில் மட்டும்தான் கை போக வேண்டும். நடுவில் உள்ள மீனைப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிவிடுவார்கள். சோற்றுக்கு தொமோதா, அதாவது நிலக்கடலையை அரைத்துவிட்ட குழம்பு. எனக்கு ரொம்பப் பிடித்தது. சுத்த சைவமென்றால் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் நான் ஒட்டியது அத்தாயா குடிக்கும் இடத்தில். மத்தியானம் மாமரத்தடியில் சின்னக் கரி அடுப்பு, அதில் பச்சைத் தேயிலை, கை நிறையச் சர்க்கரை. நம்மூர் டீ மாஸ்டர் போலத் தூக்கித் தூக்கி ஆற்றுவார்கள், ஆனால் விரலளவு கண்ணாடிக் குவளையில். மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், போகப்போக இனிக்கும். முடிய இரண்டு மணி நேரம் ஆகும். முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் வகுப்பில் நான்கு பையன்கள் ஏன் காணவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது: கடலை அறுவடை. பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து நான் அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்திருந்தேன்.

கொசுவலையும் மலேரியா மாத்திரையும் மருத்துவர் சொன்னபடி. அதில் சமரசம் வேண்டாம்.

இன்னொன்று, போகிற வழியில் சந்தையில் கோலாக்கொட்டை (அங்கே மெல்லுகிற கசப்புக் கொட்டை) வாங்கிக்கொள்ளுங்கள். அல்காலோவை முதல்முறை பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. நான் பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோனேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.