பிஸ்கெட்டைக் கண்டால் துள்ளும் நாய்க்குட்டியை வீட்டிலேயே பழக்குவது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் முதல் மாடி வாடகை வீடு. தெருவில் கிடைத்த 3 மாத நாட்டு நாய்க்குட்டியை வளர்க்கிறோம். தின்பண்டம் என்றால் உயிர். கையில் பிஸ்கெட் இருந்தால் மேலே பாய்கிறது, விரலைக் கடிக்கிறது. இல்லாவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: தின்பதில் இவ்வளவு ஆசை உள்ள குட்டி கிடைத்ததற்குச் சந்தோஷப்படுங்கள். எதை நீட்டினாலும் முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும் குட்டியைப் பழக்குவதுதான் பெரும்பாடு. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் நாட்டு நாய்கள் வளர்க்கிறேன். சாப்பாட்டுக்குப் பறக்கும் குட்டிகள்தான் சீக்கிரம் கற்றுக்கொண்டன.

இப்போது உங்கள் வீட்டில் பிஸ்கெட் முதலில் தெரிகிறது, அப்புறம் குட்டி சொன்னதைச் செய்கிறது. அந்த வரிசையை மாற்றுங்கள். கூலியைப் போல, வேலை முடிந்த பிறகுதான் தீனி வெளியே வர வேண்டும்.

இதற்கு முதல் பாடம் மூடிய கை. ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, குட்டியின் மூக்குக்கு நேராக நீட்டுங்கள். நக்கும், பிராண்டும், முனகும். நீங்கள் பேசவே வேண்டாம், கையையும் இழுக்க வேண்டாம். ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் முகத்தைக் கொஞ்சம் பின்னால் எடுக்கும். அந்த நொடியிலேயே "சபாஷ்" என்று சொல்லிக் கையைத் திறங்கள். பாய்ந்து வந்தால் மறுபடி மூடிவிடுங்கள். பொறுத்தால் கிடைக்கும், பாய்ந்தால் கதவு சாத்திக்கொள்ளும் என்பதைத் திட்டும் அடியும் இல்லாமல் அதுவே கண்டுபிடிக்கும். அடித்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், உங்கள் கைக்குப் பயப்படுவது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

"சபாஷ்" முக்கியம். உணவுக்கு முன்னால் திரும்பத் திரும்ப ஒரே சத்தம் கேட்டால், அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ் காட்டினார். அதே வழியில் இந்தச் சொல்லும் குட்டிக்கு "தீனி வருகிறது" என்று அர்த்தமாகிவிடும். தீனியை எடுக்க நேரமானாலும், எந்தச் செயலுக்குக் கிடைத்தது என்பது அதற்குப் புரியும். சொல் மட்டும் அந்த நொடியிலேயே வர வேண்டும்.

உட்கார வைக்க, துண்டை மூக்குக்கு மேலே மெதுவாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். தலை நிமிரும்போது பின்பகுதி தானாகத் தரையில் படும். சில தடவைக்குப் பிறகு வெறுங்கையால் அதே சைகை. தீனி உங்களுக்குப் பின்னால் அலமாரியில், மூடிய டப்பாவில் இருக்கட்டும். நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டாமல் விடுவதால்தான் "பிஸ்கெட் இருந்தால்தான் கேட்கும்" என்ற நிலை வருகிறது. நன்றாகப் பழகியதும், ஒரு தடவை தீனி, ஒரு தடவை தடவிக்கொடுப்பது, ஒரு தடவை மொட்டை மாடிக் கதவைத் திறப்பது என்று மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். தாத்தா "உக்காரு" என்றும் பேரன் "சிட்" என்றும் சொன்னால் குட்டிதான் குழம்பும்.

மேலே பாய்வதற்கு மருந்து, தீனியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைப்பது. நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் வையுங்கள். ரொம்பத் துள்ளினால் ஒரு பிடி தீனியைப் பாயில் சிதறவிடுங்கள். முகர்ந்து தேடித் தின்னும்போதே வேகம் தணியும். ஒரு பழைய சாக்கை அதன் இடமாக்கி, சும்மா படுத்திருக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் ஒரு துண்டு வைத்துவிட்டு நகருங்கள். சின்ன வீட்டுக்கு இந்தப் பாடம்தான் எல்லாவற்றையும்விட உதவும். அமைதியாக இருக்கும் குட்டியை யாரும் கவனிப்பதில்லை, குரைத்தால்தான் கவனிக்கிறோம். ஒரு நேரப் பாடம் இரண்டு மூன்று நிமிடம் போதும். இந்த வயதில் குட்டி நாளில் பெரும்பகுதி தூங்க வேண்டும். சாயங்காலம் வெறிபிடித்த மாதிரி ஓடிக் கடித்தால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

சர்க்கரை பிஸ்கெட்டை நிறுத்திவிடுங்கள். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, கேரட் போதும். காசிமேட்டு மீன் வாங்கினால் வேகவைத்து முள் நீக்கிக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். துண்டு பட்டாணி அளவுக்கு இருக்கட்டும். இப்படிக் கொடுப்பது ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாடம் அதிகமானால் அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு விஷம். பாயசத்து உலர் திராட்சையைக் குழந்தைகள் ஆசையாக ஊட்டிவிடுவார்கள், கவனம்.

நம் பக்கம் சாவு மேளமும் வெடியும் தெருவில் போகும். தண்ணீர் லாரி, மீன்காரம்மா குரல் எல்லாம் உண்டு. தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காமல், கையில் தூக்கிக்கொண்டு பால்கனியிலோ படிக்கட்டிலோ நின்று, சத்தம் தூரத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு துண்டாகக் கொடுங்கள். நடுங்கினால் உள்ளே கூட்டிப்போய்விடுங்கள். 3 மாதம் ஆகிவிட்டதால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தீனிக்குப் பறக்கும் குட்டி ஒரு நாள் கோழித் துண்டைக்கூட முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டால் அடம் என்று நினைக்க வேண்டாம். வாந்தியோ ரத்தக் கழிச்சலோ சேர்ந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். குட்டிகளை அது வேகமாகக் கொல்லும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நம் பக்கத்திலிருந்து வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை.