கீழக்கரை வீட்டுக்கு 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர்: எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

கேள்வியின் சுருக்கம்: கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் மாடி வீடு, மூன்று ஃபேஸ் சர்வீஸ். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரண்டு, ஒரு ஹெச்பி போர் மோட்டார், ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு. டீலர் 2.9 லட்சம் என்கிறார். அதோடு முடிந்துவிடுமா?

முடியாது. அது பெரும்பாலும் மெஷின் விலை மட்டும்தான். பொருத்தி ஓடவிடும்போது நான்கு லட்சத்தை நெருங்கும், ஜிஎஸ்டி தனி என்றால் தாண்டும். கொட்டேஷனில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்கு முன் 10 கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) வேண்டுமா என்பதைப் பார்ப்போம். ஏசி இரண்டும் சேர்ந்து சுமார் 3 கிலோவாட், மோட்டார் 1.1, மீதி எல்லாம் 0.7. ஆக 4.8 கிலோவாட். 0.8 பவர் ஃபேக்டரில் 6 கேவிஏ. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மோட்டாரை ஓடவிட்டு அப்புறம் ஏசி போடும் பழக்கம் இருந்தால் 7.5 கேவிஏ போதும். அந்த ஒழுங்கு வீட்டில் நடக்காது என்றால் 10. அதற்கு மேல் போகாதீர்கள். முப்பது சதவீதத்துக்கும் குறைந்த லோடில் டீசல் எஞ்சின் நெடுநேரம் ஓடினால் கரி பிடித்து சைலன்சரில் எண்ணெய் கசியும்.

அடுத்து, பலர் ஏமாறும் இடம். மூன்று ஃபேஸ் 10 கேவிஏ மெஷினில் ஒரு ஃபேஸுக்கு 3.3 கேவிஏதான், அதாவது 14 ஆம்பியர். ஒரே ஃபேஸில் ஏசியும் மோட்டாரும் மாட்டியிருந்தால் டிரிப் ஆகும். உங்கள் மோட்டார் சிங்கிள் ஃபேஸ் என்றால் சிங்கிள் ஃபேஸ் மெஷினே எடுங்கள், 43 ஆம்பியர் முழுதாகக் கிடைக்கும். ஆனால் சேஞ்ச் ஓவரில் (வீட்டை மின்வாரிய லைனுக்கோ ஜெனரேட்டருக்கோ மாற்றும் சுவிட்ச்) ஜெனரேட்டர் பக்கத்து மூன்று ஃபேஸையும் ஒன்றாக இணைத்து லூப் செய்யும்போது, அந்த 43 ஆம்பியரும் ஒரே நியூட்ரல் வழியாகத் திரும்பும். பழைய வயரிங்கில் மெயின் நியூட்ரல் 4 சதுர மில்லிமீட்டர் இருந்தால் உருகிவிடும். 10 சதுர மில்லிமீட்டர் காப்பர் போட்ட பிறகே இணைக்கச் சொல்லுங்கள்.

இனி மெஷினுக்கு மேல் வரும் செலவு. தொகைகள் தோராயம், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

மெஷினை வைக்கும் கான்கிரீட் பீடம் 15,000 – 18,000. ஏழரைக்கு நாலரை அடி, ஒரு அடி கனம். சிமென்ட் எட்டு மூட்டை ஆகும். மணல் தரையைத் திமிசு போட்டு இறுக்கி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும். கடற்கரை மணலைக் கலவையில் சேர்க்க விடாதீர்கள், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

எர்த்திங் 20,000 – 25,000. பாடிக்கு இரண்டு, நியூட்ரலுக்கு இரண்டு, தனித்தனிக் குழிகள். இந்த மண்ணில் ஜிஐ பைப் சீக்கிரம் அரித்துப்போகும். காப்பர் பூசிய மூன்று மீட்டர் ராடு போடுங்கள், பென்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) நிரப்புங்கள். கோடையில் மேல்மணல் காய்ந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

25 மீட்டர் ஆர்மர்டு கேபிள் 12,000. கையால் மாற்றும் நான்கு போல் சேஞ்ச் ஓவர் 5,000. கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தானாக ஸ்டார்ட் செய்யும் ஏஎம்எஃப் பேனல் 30,000 – 40,000. பகலில் ஆள் இருக்கும் வீட்டுக்கு ஏஎம்எஃப் வீண் செலவு என்பது என் எண்ணம். வைத்தால், கரண்ட் மாறியதும் மோட்டார் தானாகக் கிளம்பாதபடி ஸ்டார்ட்டர் இருக்கட்டும். பேனலை வீட்டுக்குள் மாட்டுங்கள், வெளியே இருந்தால் உள்ளிருக்கும் கான்டாக்டரில் (கரண்டை மாற்றும் சுவிட்ச்) பச்சைக் களிம்பு ஏறும்.

புகைக்குழாய் 6,000 – 8,000. கட்டிட உயரத்துக்கு மேல் 0.2 × √கேவிஏ மீட்டர் வேண்டும் என்பது விதி. 10 கேவிஏவுக்கு 0.63 மீட்டர். லாரி, கிரேன், கூலி எல்லாம் 20,000 – 25,000.

பழைய மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கும். 2023 ஜூலை 1 முதல் புதிதாகத் தயாராகும் மெஷின்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிபிசிபி 4 பிளஸ் புகை விதிக்கு உட்பட்டவை; அதற்கு முந்தைய இருப்பைப் புதிது என்று தள்ளிவிடுவார்கள். எஞ்சின் பிளேட்டில் தயாரித்த மாதத்தைப் படியுங்கள்.

ஓட்டும் செலவு: 6 கிலோவாட் லோடில் மணிக்கு ஏறக்குறைய 2.2 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்றால் 200 ரூபாய் சொச்சம், யூனிட்டுக்கு 34 ரூபாய். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாட்களில் ஃபேனுக்கும் விளக்குக்கும் இன்வெர்ட்டரே போதும். ஜெனரேட்டரை மோட்டாருக்கும் ஏசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெனாபியில் (மெஷினை மூடியிருக்கும் கூடு) எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகுக் கீல், போல்ட் கேளுங்கள். காற்று உள்ளே போகும் பக்கம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு நேராக இருக்கக் கூடாது. ஆனி, ஆடியில் மணலோடு அடிக்கும், ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உப்பு ஈரம் உள்ளேயே தங்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பேட்டரி டெர்மினலுக்கு வாசலின் தடவுங்கள். ஸ்டாண்ட்பை மெஷின் தேவைப்படும் நாளில் ஸ்டார்ட் ஆகாததற்கு முக்கியக் காரணம் பேட்டரிதான். வாரம் இருபது நிமிடம், லோடோடு ஓட்டுங்கள். கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் வைண்டிங்கில் உள்ள ஈரமும் காயும்.

சேஞ்ச் ஓவர் இல்லாமல் இரண்டு பக்கமும் பின் வைத்த வயரை சாக்கெட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஹைடென்ஷனாகி வெளியே போகும். புயலுக்குப் பிறகு கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியர் செத்துப்போவார். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.