பூட்டை மாற்றிவிடுவேன் என்கிறார் வீட்டுக்காரர்

கேள்வி: எனக்கு ஊர் வாழைச்சேனை. புறக்கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை கிடைத்ததால், படிக்கிற தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இந்த வருடம்தான் கொழும்புக்கு வந்தேன். புரோக்கர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் மேல்மாடி அனெக்ஸ் ஒன்று எடுத்துத் தந்தார். மாத வாடகை 30,000. ஆறு மாத அட்வான்ஸ் 180,000 ரூபாவை அம்மாவின் காப்பை அடகு வைத்துத்தான் கொடுத்தோம். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி, "ஒரு வருடத்துக்கு" என்று எழுதி, வீட்டுக்கார அங்கிள் கையெழுத்து வைத்தார். நாலு மாதம்தான் ஆகிறது. மகன் கனடாவிலிருந்து வருகிறாராம், மாதக் கடைசிக்குள் எழும்புங்கள் என்று 11 ஆம் திகதி சொன்னார். அட்வான்ஸில் 60,000 பெயின்ட் அடிக்கக் கழிப்பாராம். எழும்பாவிட்டால் பூட்டை மாற்றுவாராம். இரண்டு இரவு மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டார். "பொலிஸில் பதியவில்லை, வந்தால் நீங்கள்தான் உள்ளே" என்று வேறு பயமுறுத்துகிறார். கிராம சேவகரிடம் முகவரி பதியவும் கையெழுத்துத் தருகிறார் இல்லை. ஒரு வருடம் இருக்க எங்களுக்கு உரிமை இல்லையா? புரோக்கர் கமிஷனையாவது திருப்பிக் கேட்கலாமா?

பதில்: தங்கச்சி, ஒரு வருடம் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதற்காக இந்த மாதக் கடைசியில் சாமானைக் கட்டவும் தேவையில்லை.

காணி, வீடு சம்பந்தமான உரிமையைக் கைமாற்றும் எழுத்து, உறுதி எழுதும் நொத்தாரிஸ் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு மட்டும் விலக்கு. முத்திரை ஒட்டிய வெள்ளைத் தாளில் ஒரு வருடம் என்று எழுதினாலும் பத்து வருடம் என்று எழுதினாலும் அது குத்தகை ஆகாது. ஆனால் நீங்கள் குடிபுகுந்து, அவர் மாதாமாதம் வாடகை வாங்கியதால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாத வாடகைக் குடியிருப்பாளர். மாத வாடகையை முடிக்க வேண்டுமென்றால் ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் தேவை. அது மாதக் கடைசியோடு முடிய வேண்டும். 11 ஆம் திகதி சொல்லி 30 ஆம் திகதி எழும்பச் சொன்னது அறிவித்தலே அல்ல. குறைந்தது அடுத்த மாதம் முடியும் வரை உங்களுக்கு இடம் இருக்கிறது.

அதற்குப் பிறகும் நீங்கள் எழும்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கி, பிஸ்கால் என்ற நீதிமன்ற அதிகாரி மூலமாகத்தான் உங்களை இறக்க வேண்டும். தானே பூட்டை மாற்றுகிற அதிகாரம் வீட்டு உறுதி கையில் இருப்பவருக்கும் கிடையாது.

மீறி மாற்றினால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு இருக்கிறது. அமைதிக்குப் பங்கம் வரக்கூடிய காணி, வீட்டுப் பிணக்கைப் பொலிஸாரும் மன்றில் வைக்கலாம், நீங்களே சத்தியக்கடதாசியோடு போகவும் முடியும். வீடு யாருடையது என்று நீதிவான் அங்கே பார்க்க மாட்டார். யார் இருந்தார், யாரை வெளியே தள்ளினார்கள் என்பதுதான் கேள்வி. மனுப் போடுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டிருந்தால் திரும்ப உள்ளே விடும்படி கட்டளையிடலாம். இரண்டு மாதம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஊருக்குப் போய் அம்மாவோடு இருந்து அழுதுவிட்டு வருவோம் என்று போனால் அந்தக் காலம் ஓடிவிடும்.

மெயின் சுவிட்ச் விஷயத்தைச் சும்மா விட வேண்டாம். வாடகை வாங்கிக்கொண்டு இருட்டில் வைக்க முடியாது. பூட்டை மாற்றுவதாகச் சொன்னதையும் சேர்த்து இன்றே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். "இது சிவில் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பப் பார்ப்பார்கள், வழமையான வசனம்தான். நடவடிக்கை எடுக்கிறார்களோ இல்லையோ, முறைப்பாட்டைப் பதிவு செய்து இலக்கத்தைத் தாருங்கள் என்று நின்றுகொள்ளுங்கள். தமிழில் சொல்லுங்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள கொழும்பிலும் அரச அதிகாரிகளோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தருகிறது. வாசித்து விளங்காத சிங்கள வாக்குமூலத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்து வைக்காதீர்கள். பின்னால் வழக்கில் அந்தத் தாளை மறுக்கச் சட்டத்தரணிகள் நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பொலிஸ் பதிவு என்ற வார்த்தைக்கு உங்கள் அம்மா பயந்திருப்பார். காரணம் இல்லாமல் இல்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்து அவசரகால விதிகள் 2011 ஆகஸ்டோடு முடிந்துவிட்டன. இன்று இருப்பது பழைய பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விபரத்தைப் பொலிஸார் கேட்டால் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும் என்பதே அது. கடமை அவருடையது. படிவம் வந்தால் பெயரைக் கொடுத்துவிடுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. பதியாமல் இருந்ததற்காக உங்களை உள்ளே போட முடியாது. நாட்டில் விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரம் 14(1)(ஏ) உறுப்புரையில் ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு.

இனிப் பணம். என் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: வீட்டுக்காகச் சண்டை பிடிக்காதீர்கள், அட்வான்ஸுக்காகப் பிடியுங்கள். எழும்பச் சொன்ன மனிதரின் தலைக்கு மேல் இரண்டு பெண் பிள்ளைகள் எட்டு மாதம் இருந்து என்ன நிம்மதி காணப் போகிறீர்கள்?

அவர் கையில் உங்கள் 180,000 இருக்கிறது. உங்கள் கையில் திறப்பு இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். "நீங்கள் போங்கோ பிள்ளை, பெயின்ட் அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை பேங்கில் போட்டுவிடுகிறேன்" என்பார். சம்மதிக்காதீர்கள். அதைவிட நல்ல வழி, இன்னும் இரண்டு மாதம் இருக்கிறோம், அந்த 60,000 வாடகையை அட்வான்ஸில் கழியுங்கள், திறப்புத் தரும் நாளில் 120,000 தாருங்கள் என்று கேட்பது. அவரிடம் சிக்கியிருக்கும் தொகை அப்போது குறைந்துவிடும். ஆனால் அவர் எழுத்தில் சம்மதித்த பிறகுதான். நீங்களாக வாடகையை நிறுத்தினால், வாடகை கட்டாதவர் என்ற பழி உங்கள் மேல் வந்துவிடும். வட்ஸ்அப்பில் "ஓகே" என்று வந்தாலும் பரவாயில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் அத்தகைய பதிவுகளை ஏற்கிறது. போன் மாற்றும்போது அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

நாலு மாதம் குடியிருந்த சுவரில் ஏற்படும் சாதாரண அழுக்குக்கு நீங்கள் பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. உடைந்த கண்ணாடி, கழற்றிய சிங்க் என்று உண்மையான சேதம் இருந்தால் அதன் செலவைக் கழிக்கலாம், பில்லோடு. இன்றே ஒவ்வொரு அறையையும் மின்மானி இலக்கத்தையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

மறுத்தால் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம், பிறகு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை. இந்தத் தொகைக்கு நேரே வழக்குப் போட முடியாது. சபையில் இணக்கம் வராமல் சான்றிதழ் பெற்ற பிறகே நீதிமன்றம். மத்தியஸ்த சபையில் சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். கேட்பதற்குப் பயமாக இருந்தாலும் பல அட்வான்ஸ் பிணக்குகள் அங்கேதான் முடிகின்றன. அந்த வெள்ளைத் தாள், குத்தகையாக உதவாவிட்டாலும், காசு கைமாறியதற்குச் சாட்சியாக உதவும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வழியில்லையென்றால் புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குச் சம்பளச் சீட்டோடு போங்கள்.

கிராம சேவகரிடம் முகவரி பதியும் முயற்சியை இந்த வீட்டைப் பொறுத்தவரை கைவிடுங்கள். 1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ் நாற்பது வருடம் சொற்ப வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் கொட்டாஞ்சேனையில் இன்னும் உண்டு. அதைப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு எங்கே கையெழுத்து வைத்தாலும் வீடு போய்விடும் என்ற பயம். கிராம சேவகரிடம் பதிந்து வாக்காளர் இடாப்பில் பெயர் வந்தாலும் வீடு உங்களுடையதாகிவிடாது. ஆனால் அதை அவருக்கு விளக்க உங்களுக்கு இப்போது நேரமில்லை. அடுத்த வீட்டில், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, முகவரிப் பதிவுக்கு ஒத்துழைப்பேன் என்று எழுத்தில் சேருங்கள். வாக்காளர் பதிவு எத்தனை வருடம் தொடர்ந்தது என்பதைப் பிற்காலத்தில் பிள்ளையின் பாடசாலை அனுமதியிலும் பார்ப்பார்கள். அந்த வீட்டுக்கு நொத்தாரிஸ் மூலம், உங்களுக்கு வாசிக்கக்கூடிய மொழியில், குத்தகை எழுதுங்கள். மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டில் யார் பெயர் என்றும் பாருங்கள். தானே வாடகைக்கு இருந்துகொண்டு மேல்மாடியை வாடகைக்கு விடுபவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள். குத்தகைத் தவணை முடிந்தால் வீட்டை விரைவாக மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் உரிமையாளருக்கு வழி தருகிறது என்பதையும் தெரிந்துகொண்டே கையெழுத்து வையுங்கள்.

புரோக்கர் கமிஷன் திரும்பி வராது. வீடு காட்டினார், நீங்கள் குடிபுகுந்தீர்கள், அவர் வேலை அத்தோடு முடிந்தது. அடுத்த வீட்டுக்கு அவரையே கூப்பிடாதீர்கள்.