9 மி.மீ. போதுமா, .45 வேண்டுமா?

கைத்துப்பாக்கிக் குண்டு .45 (அங்குலக் கணக்கில் விட்டம், 9 மி.மீ.யைவிடப் பெரியது) இருந்தால்தான் ஒரே குண்டில் ஆள் விழுவான் என்று நண்பர் சொல்கிறார், ஆனால் சுட்டதும் கையை உதறிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தயங்காமல் 9 மி.மீ.யே எடுங்கள். கைத்துப்பாக்கிக் குண்டு எதுவுமே ஆளைத் தூக்கி எறியாது. எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சோதனையில், உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெல்லுக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். நல்ல ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி இருக்கும், பட்டதும் விரியும்) 9 மி.மீ. குண்டு அதைச் செய்கிறது. தங்கள் ஆட்கள் இருவரை இழந்த 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு 10 மி.மீ., அப்புறம் .40 என்று போன எஃப்.பி.ஐ.காரர்களே திரும்ப 9 மி.மீ.க்கு வந்துவிட்டார்கள். உதை குறைவாக இருந்தால் இரண்டாவது குண்டும் சீக்கிரம் குறிக்குப் போகும். குண்டு விலையும் குறைவு, நிறையப் பழகலாம். ஒன்று மட்டும் கவனம்: சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மெல்லிய தடுப்புச் சுவரை இரண்டுமே துளைத்துவிடும்.