குழந்தை ஏன் உயரவில்லை? ஓய்வு பெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளரிடம் கேள்வி பதில்

குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கன்வாடி, சத்துமாவு, எடை, உயரம், அரசின் ஊட்டச்சத்துத் திட்டங்கள் பற்றிக் கேளுங்கள். மருந்து மட்டும் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை.

கல்லூரி மாணவி, சேலம்: இந்தத் திட்டம் 1975-லிருந்து நடக்கிறது. இன்னும் மூன்றில் ஒரு இந்தியக் குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறார்களே. பணமெல்லாம் எங்கே போகிறது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் உயரம் குன்றியவர்கள் 2005-06-இல் 48 சதவீதம், 2015-16-இல் 38.4, 2019-21-இல் 35.5. ஆக, குறைந்திருக்கிறது. ஆனால் 2018 மார்ச்சில் ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் போஷண் அபியான் என்ற மத்திய அரசின் ஊட்டச்சத்து இயக்கத்தைத் தொடங்கியபோது, 2022-க்குள் 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். அந்த வேகம் வரவில்லை.

பணம் கசிகிற இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் வயது. குழந்தை உயரத்தை இழப்பது பெரும்பாலும் தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு வருடத்திலும்தான். அங்கன்வாடியின் சூடான சாப்பாடு யாருக்குப் போகிறது? தேசிய விதிப்படி 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு. 6 மாதம் முதல் 3 வயது வரை வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துமாவு பாக்கெட். அந்த மாவு வீட்டுக்குப் போனதும் என்ன ஆகிறது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெரிய பிள்ளைக்குப் பாதி, பாட்டிக்குக் கொஞ்சம். மீதியில் ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்கு ஊற்றுவார்கள். அது கஞ்சியே இல்லை, நிறம் மாறிய தண்ணீர். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாமல் நிற்க வேண்டும், அந்தக் கெட்டியில்தான் சத்து இருக்கிறது. 2019-21 கணக்கெடுப்பில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு கிடைத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 11 பேர்தான். என்னைத் தூங்கவிடாத எண் அது.

இந்த வயதைக் குறிவைத்து வேலை செய்த முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருந்தது. 1980-இல் உலக வங்கி உதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு, ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். தாயிடம் எடையைக் கோடாகக் குறித்த வளர்ச்சி அட்டையைக் காட்டி, ஏன் ஏறவில்லை என்று பேசுவார்கள். பிறகு அது மத்தியத் திட்டத்தோடு சேர்ந்துபோனது. அந்தப் பேச்சை விட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம்.

தாய், விழுப்புரம்: என் பையனுக்கு ரெண்டு வயசு, ஒல்லியா இருக்கான். எந்த மால்ட் பவுடர் கொடுக்கலாம்?

எதுவும் வேண்டாம்மா. அதில் சர்க்கரை அதிகம், விலையும் அதிகம். முட்டை, பருப்பு, வேர்க்கடலை அரைத்தது, சோற்றில் ஒரு ஸ்பூன் எண்ணெய். ஒல்லியா இல்லையா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள், அங்கன்வாடியில் எடையும் உயரமும் பார்க்கச் சொல்லுங்கள். டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். வயிறு நிறையும், பசி போகும், டீ இரும்புச்சத்தையும் தடுக்கும்.

பொறியாளர், கோவை: நம்ம ஆட்களே குள்ளம்தானே மேடம்? வெள்ளைக்காரன் அளவுகோலை வைத்து நம் பிள்ளைகளை அளந்தால் குறையாகத்தான் தெரியும்.

இல்லை சார். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகோலுக்கு ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தார்கள்: பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அப்புறம் இந்தியா. தெற்கு டெல்லியில், தாய்ப்பால் குடித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஆறு ஊர்ப் பிள்ளைகளும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள்.

அதே பொறியாளர்: என் மனைவியும் நானும் குட்டை. என் மகளுக்கு நல்ல சாப்பாடுதான் கொடுக்கிறோம். அவளும் குட்டை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

ஒரு வீட்டுக் கணக்கும் ஒரு நாட்டுக் கணக்கும் வேறு. உங்கள் மகள் நன்றாகவே இருக்கலாம், அட்டையில் அவள் கோடு சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். தாயின் உயரம் பிள்ளையைப் பாதிக்கும் என்பதும் உண்மை. சின்ன வயதில் சத்தில்லாமல் வளர்ந்த பெண்ணுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கிறது, அதைச் சரிசெய்ய ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். ஆனால் பரம்பரைதான் முழுக் காரணம் என்றால், 48 எப்படிப் பதினைந்து வருடத்தில் 35.5 ஆனது? மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

வாசகர், திருநெல்வேலி: சாருக்கு நானும் ஒன்று சொல்கிறேன். பீகாரும் கேரளாவும் ஒரே நாடுதானே?

சரியாகச் சொன்னீர்கள். 2019-21-இல் உயரம் குன்றிய பிள்ளைகள் நூற்றுக்கு பீகாரில் 42.9, கேரளத்தில் 23.4, தமிழ்நாட்டில் 25. மேகாலயாவில் 46.5. பெண்களின் படிப்பு, கல்யாண வயது, கழிப்பறை, குடிநீர் எல்லாம் இதில் இருக்கிறது. அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. "குள்ள ஜாதி" என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அதனால்தான் இந்த வாதத்தை விடாமல் மறுக்கிறேன். சார், இதோடு அடுத்தவர்களுக்கு வழி விடுவோம்.

தாய், ஓசூர்: குழந்தை எடை கூட நல்ல பவுடர் சொல்லுங்க மேடம்.

விழுப்புரம் தங்கைக்குச் சொன்னதைப் படியுங்கள். பிஸ்கட்டும் டீயும் உங்கள் பிள்ளைக்கும் கூடாது என்றுதான் சொல்வேன்.

குடும்பத் தலைவர், திருவாரூர்: ரேஷன் அரிசியில் சிலது தண்ணீரில் மிதக்கிறது. பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணியாக வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்று சேர்த்தவை அவை. பொறுக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். இந்த அரிசி ஒன்றே ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். கீரையும் முட்டையும் தட்டில் வர வேண்டும்.

ஓய்வூதியர், மதுரை: சர்க்கரை நோய்க்கு எந்தச் சிறுதானியம்?

என் துறை இல்லை ஐயா. அரசு மருத்துவமனையில் உணவு ஆலோசகர் இருந்தால் அவரைப் பாருங்கள்.

தந்தை, வேலூர்: ஒன்றரை வயது, எடை ஏறவில்லை, டானிக் அல்லது பவுடர்...

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், பவுடர் வேண்டாம். ஆனால் "எடை ஏறவில்லை" என்றால் அங்கன்வாடியில் கையின் சுற்றளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது மேல்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுவார்கள். 11.5 செ.மீ.-க்குக் கீழே சிவப்பில் வந்தால் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அங்கன்வாடி பணியாளர், தருமபுரி: மேடம், பிள்ளைகளின் விவரத்தை ஏற்றுகிற போஷண் செயலியில் பதிவு போடவே பாதி நாள் போய்விடுகிறது. உயரமும் அளக்கணும், வீடும் போகணும். எதை முதலில் செய்வது?

தங்கச்சி, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். பதிவில் பிழை இருந்தால் கேள்வி வரும், வீட்டுக்குப் போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் 6 முதல் 11 மாதக் குழந்தை உள்ள வீடுகளின் பட்டியலைத் தனியாக எழுதிக்கொண்டு, வீடு போகிற நாளில் அங்கே முதலில் போ. திட உணவு ஆரம்பிக்கிற மாதங்கள் அவை. சமையல் நேரத்தில் போனால் கஞ்சி எவ்வளவு தண்ணியாக இருக்கிறது என்று நீயே பார்த்துவிடலாம். கெட்டியாக ஒருமுறை அங்கேயே கிண்டிக் காட்டு, மாமியாரையும் பக்கத்தில் உட்கார வை.

உயரம் அளக்கும்போது இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். அம்மா தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கட்டும், நீ முட்டியை மெல்ல அழுத்திப் பாதத்தை நேராக வை. நிற்க வைத்தால் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும், நல்லா வளர்கிற பிள்ளைகூடக் குன்றியதாகப் பதிவாகிவிடும்.