அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் நம்மைப் போன்ற மாநிறக்காரர்களும் மலையேற்றம், கூடாரம் என்று காட்டுக்குப் போவது பாதுகாப்பா? என்ன ஏற்பாட்டோடு போக வேண்டும்?

போகலாம், தாராளமாகப் போக வேண்டும். கரடி, மின்னல், வெள்ளம் எல்லாருக்கும் பொது. கறுத்த தோல் உள்ளவர்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று எதிரே வரும் மனிதரின் சந்தேகம். இன்னொன்று, வெள்ளைத் தோலை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய முதலுதவிப் பாடம். இரண்டாவதைப் பலர் யோசிப்பதே இல்லை.

முதலாவது வீண் பயம் அல்ல. 2020 பிப்ரவரி 23 அன்று ஜார்ஜியாவில் பிரன்ஸ்விக் ஊருக்கு அருகே ஓடிக்கொண்டிருந்த 25 வயது அகமட் ஆர்பெரியை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் துரத்தினார்கள், ஒருவர் சுட்டுக் கொன்றார். திருடன் என்று சந்தேகப்பட்டோம் என்றார்கள். கொலை நடந்து இரண்டு மாதம் கழித்து, வீடியோ வெளியான பிறகுதான் கைது நடந்தது. அதே ஆண்டு மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்க்க வந்த கறுப்பினத்தவர் கிறிஸ்டியன் கூப்பர், ஒரு பெண்ணிடம் நாயைக் கட்டச் சொன்னார். அதற்கு அந்தப் பெண், கறுப்பர் ஒருவர் தன்னை மிரட்டுவதாக அவசர உதவி எண் 911-க்குப் போன் போட்டார். அடுத்த சில நாளில் வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் ஊரில் கூடாரம் போட வந்த பல இனக் குடும்பம் ஒன்றைச் சில வண்டிகள் பின்தொடர்ந்தன. பயந்து அவர்கள் கிளம்பியபோது சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள்.

அதனால் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது, உதவி கேட்டால் யார் வருவார்கள் என்பது. தேசியப் பூங்கா என்றால் பெரும்பாலும் ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலர் வருவார். தேசிய வனம் என்றால் பல இடங்களில் அந்தக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதியின்) காவல் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள்தான் வருவார்கள். கவுண்டியின் பெயர், ரேஞ்சர் நிலையத்தின் எண், பாதை தொடங்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இவற்றை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம், ஆனால் மரம் அடர்ந்த பள்ளத்தாக்கில் தாமதமாகும், வானம் தெரிகிற இடத்துக்கு நகர வேண்டும்.

அழைக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது: "அழைத்தவன் நான்தான், கறுப்பினத்தவன், நீலச் சட்டை, ஆயுதம் இல்லை, என்னோடு மூன்று பேர்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருகிற போலீஸ்காரர் உங்களையே குற்றவாளி என்று நினைத்துவிடாமல் இருக்க இது உதவும். தங்கள் தோலின் நிறத்தைத் தாங்களே அறிவிக்க வேண்டிய நிலை அநியாயம்தான். ஆனாலும் சொல்லுங்கள்.

புது இடத்தில் முதல் இரவு, பொறுப்பாளர் தங்கியிருக்கும் கட்டண முகாம்தான் நல்லது. சாலையிலிருந்து கூடாரம் தெரிகிற, பக்கத்தில் ஆளே இல்லாத ஓரம்தான் இருப்பதிலேயே மோசமான இடம். வண்டியை வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள். அனுமதிச் சீட்டின் ஒரு பிரதி கண்ணாடி அருகிலும் இன்னொன்று சட்டைப்பையிலும் இருக்கட்டும். எங்கே இருக்கிறீர்கள் என்பதைத் திரும்பிய பிறகு ஃபேஸ்புக்கில் போடலாம்.

யாராவது வம்புக்கு வந்தால் பதில் பேசி ஜெயிக்கப் பார்க்க வேண்டாம். அந்த நாட்டில் எதிரில் இருப்பவரிடம் துப்பாக்கி இருக்கலாம், தேசியப் பூங்காக்களுக்குள்ளும் 2010 முதல் மாநிலச் சட்டம் அனுமதித்தால் வைத்திருக்கலாம். தள்ளி நின்று ஒருவர் வீடியோ எடுக்கட்டும், ஒருவர் போன் போடட்டும், மற்றவர்கள் வண்டியை நோக்கியோ ஆள் நடமாட்டம் உள்ள பக்கமோ நகரட்டும். வண்டி எண், நேரம், அவர்கள் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது இன வெறுப்பு என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆர்பெரி வழக்கில் மூவருக்கும் மாநில நீதிமன்றம் தண்டனை கொடுத்த பிறகு, 2022-ல் மத்திய நீதிமன்றமும் வெறுப்புக் குற்றத்துக்காகத் தண்டித்தது. பொதுச் சாலையைப் பயன்படுத்தும் உரிமையை இனத்தின் பேரால் தடுத்தார்கள் என்பது அங்கே குற்றச்சாட்டு.

இனி தோல். உண்ணி கடித்து லைம் நோய் வந்தால் சிவப்பு வளையம் தெரியும் என்று எல்லாக் கையேடும் சொல்லும். கறுத்த தோலில் அது பழுப்பாகவோ ஊதாவாகவோ, அடிபட்ட கன்றல் போலவோ இருக்கும், டாக்டரே தவறவிடுவது உண்டு. வளையத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உண்ணி உள்ள காட்டுக்குப் போய்வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், அசதி, மூட்டு வலி வந்தால், எந்த ஊர்க் காட்டுக்குப் போனீர்கள் என்பதைச் சொல்லி லைம் பற்றி நீங்களே கேளுங்கள். தினமும் மாலையில் அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, தலைமுடிக்குள் என விரலால் தடவித் தேடுங்கள், கண்ணை நம்பாதீர்கள். பின்னல் போட்டிருந்தால் வகிடு வகிடாக. அகப்பட்டால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும்.

உயர மலைக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொண்டுபோகிறவர்களுக்கு: கறுத்த தோலில் அது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. எண் நன்றாக இருக்கிறது என்று மேலே ஏறாதீர்கள். தலைவலியோடு வாந்தி இருந்தால் ஏறுவதை நிறுத்துங்கள். குதிகாலை மறுகால் நுனியில் வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள், தள்ளாடினால் உடனே கீழே இறக்குங்கள். உடல் வெளுத்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடங்கள் உதட்டின் உட்புறம், கீழ் இமையின் உட்புறம், உள்ளங்கை. பனியில் விரல் வெளுக்கிறதா என்று பார்ப்பதைவிட, உணர்ச்சி இருக்கிறதா, மெழுகு போல விறைத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

தனியாகத் தயங்குகிறவர்களுக்கு 2009-ல் ரூ மேப் என்ற பெண் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய அவுட்டோர் ஆஃப்ரோ போன்ற அமைப்புகள் பயிற்சி பெற்ற தலைவர்களோடு குழுக்களை அழைத்துப் போகின்றன. கலப்புக் குழுவில் போகும் வெள்ளைக்கார நண்பர்களுக்கும் வேலை உண்டு. போலீஸ் வந்தால் கிளம்பிவிடாமல் பக்கத்திலேயே நின்று, பார்த்ததைச் சொல்லி, தங்கள் பெயரையும் எண்ணையும் சாட்சியாகக் கொடுக்க வேண்டும். அதை முந்தின நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.