"எப்பிடித் தெரியும்?"

கேள்வி: கல்வியியற் கல்லூரியில் கல்வித் தத்துவத்தோடு சேர்த்து அறிவுக் கோட்பாடுகளையும் படிப்பிக்கிறார்கள். பரீட்சை எழுதுவதைத் தவிர வகுப்பறையில் இதற்கு ஏதும் பயன் உண்டா?

உண்டு. எனக்கு அது விளங்கியது கல்லூரி முடித்துப் பல வருடம் கழித்து, ஒரு விடைத்தாளைத் திருத்தும்போது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகளில் பாதிப் பேர் தண்ணிமுறிப்புக் குளத்தை நம்பி வயல் செய்யும் வீடுகளில் இருந்து வருபவர்கள். மிச்சப் பேரின் வீடுகளில் கடற்றொழில். ஒரு தவணைப் பரீட்சையில் 'நெற்பயிர் மஞ்சளாவதற்குக் காரணம் என்ன?' என்று கேட்டிருந்தேன். நோட்ஸில் நான் கொடுத்திருந்த விடை 'நைதரசன் குறைபாடு'. ஒரு பொடியன் இப்படி எழுதியிருந்தான்: 'எப்படி மஞ்சளாகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். வட்டம் வட்டமாக எரிந்த மாதிரி என்றால் தத்திப் பூச்சி. பயிரின் அடியை விரித்துப் பார்த்தால் தெரியும். வயல் முழுக்க என்றால் பசளை காணாது.'

நான் பிழை போட்டேன். அடுத்த நாள் தாளைக் கொண்டுவந்து, "சேர், இது பிழையோ?" என்று கேட்டான். "நோட்ஸில அப்பிடி இல்லையே" என்றேன். பேசாமல் போய் இருந்துவிட்டான். இன்றைக்கும் எனக்கு அது மனதை உறுத்தும்.

அந்த விடையைப் பாருங்கள். எரிந்த வட்டத்தை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். அதை வைத்து எது காரணம் என்று பிரித்து நினைத்திருக்கிறான். அடியை விரித்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தகப்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறார். காண்டல், கருதல், உரை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை இந்த அளவைகளை, அதாவது அறிவு வரும் வழிகளை, பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறார். அளவை ஆறு என்பவர்களும் உண்டு, பத்து என்பவர்களும் உண்டு, ஆனால் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் முடிவு. அந்த மூன்றும் ஒரு பிள்ளையின் நாலு வரிக்குள் இருந்தன. என் நோட்ஸில் இருந்தது உரை மட்டும்.

அறிவு எங்கிருந்து வருகிறது என்று நாம் நம்புகிறோமோ, அதன்படிதான் படிப்பிக்கிறோம். தெரியாமலே அப்படிச் செய்கிறோம். பிளேட்டோ எழுதிய மெனோன் உரையாடலில் சோக்கிரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனைக் கேள்வி மேல் கேள்வி கேட்டே, ஒரு சதுரத்தின் இரட்டிப்புப் பரப்புள்ள சதுரத்தைக் கண்டுபிடிக்க வைக்கிறார். அறிவு உள்ளே இருக்கிறது என்று நம்பினால் ஆசிரியரின் வேலை கேட்பது. ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் லொக் மனதை எழுதாத வெள்ளைத்தாள் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நாம் நோட்ஸ் எழுதுவிக்கிறோம். ஆனால் அந்தத் தாளில் எழுதுவது அனுபவம் என்றுதான் லொக் சொன்னார்.

ஒருவரை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால் அமெரிக்கத் தத்துவஞானி ஜோன் டூயியைப் படியுங்கள். 1916இல் வந்த 'ஜனநாயகமும் கல்வியும்' நூலில் அறிவுக் கோட்பாடுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அனுபவம் வேறு, பகுத்தறிவு வேறு; செய்வது வேறு, அறிவது வேறு என்ற பிரிவினைகளை அவர் ஒவ்வொன்றாக எடுக்கிறார். இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டு, சமூகத்தில் மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே எழுப்பிய வேலிகளில் இருந்து வந்தவை என்கிறார். கையால் உழைப்பவர் ஒரு பக்கம், ஓய்வாக இருந்து சிந்திப்பவர் மறுபக்கம். அதை வாசித்தபோது எனக்கு அந்த விடைத்தாள் ஞாபகம் வந்தது. நான் பிழை போட்டது ஒரு கமக்காரர் சேற்றில் குனிந்து நின்று சேர்த்த அறிவுக்கு.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளைகள் செய்து பார்த்தே படிக்கட்டும் என்று சொல்லலாமா? புதிதாக வரும் ஆசிரியர்கள் சிலர் அந்த உற்சாகத்தோடு வருகிறார்கள். 2007இல் தொடங்கிய தேர்ச்சி மையப் பாடத்திட்டமும் விளக்கத்துக்கு முன் தேடலை வைக்கிறது. நல்லதுதான். ஆனால் வன்னியில் வேறொன்றும் இருக்கிறது. மீள்குடியேறி வந்த காலத்தில் காணிகளின் ஓரங்களில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. அதற்கு அங்கால் மிதிவெடி இருக்கிறது என்பதை எந்தப் பிள்ளையும் அனுபவத்தால் அறியக் கூடாது. சொல் கேட்டுத்தான் அறிய வேண்டும், கேட்ட உடனே நம்பவும் வேண்டும். அதனால் உரையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபில் எவர் சொல்லும் பிரமாணம், அதாவது அளவை, ஆகாது, நம்பத்தக்கவர் சொல்தான் ஆகும். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிச் சமாளிக்கும் ஆசிரியரின் சொல், அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லும்போதும் எடுபடாமல் போகும்.

இப்போது வகுப்பில் என்ன செய்கிறேன் என்று கேட்டால், ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கிறேன்: "எப்பிடித் தெரியும்?" முதலில் பிள்ளைகள் பயந்தார்கள். எங்கள் ஊரில் அது ஏசும்போது கேட்கிற கேள்வி. பழகியபின் விடை மூன்று விதமாக வந்தது. "பார்த்தனான் சேர்." "யோசிச்சனான் சேர்." "அப்பா சொன்னவர் சேர்." அப்புறம் கொப்பியின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கா, க, உ என்று போடச் சொன்னேன். காண்டல், கருதல், உரை. முதல் கிழமை கொப்பி முழுக்க 'உ'.

'பூமி உருண்டை' என்ற வரிக்கும் எல்லோரும் 'உ' போட்டிருந்தார்கள். இதைக் கருதலாக மாற்ற ஏலுமா என்று கேட்டேன். கரைப்பக்கத்துப் பொடியன் ஒருவன் எழும்பி, "கடலால வரேக்க முதல்ல பனையின்ர வட்டுத்தான் தெரியும் சேர். கரை பிறகுதான் தெரியும். தண்ணி வளைஞ்சிருந்தாத்தானே அப்பிடி?" என்றான். வகுப்பே 'உ'வை அழித்து 'க' போடத் தொடங்கியது.

ஒரு பிள்ளை மட்டும் அழிக்கவில்லை. "சேர், இவன் சொல்லித்தானே எங்களுக்குத் தெரியும். அப்ப இதுவும் 'உ' தானே?"

கரைப்பக்கத்துப் பொடியன் திரும்பி, "நான் அப்பாவோட வள்ளத்தில போய்ப் பார்த்தனான்" என்றான்.

"அப்ப உனக்குத்தான் 'க'" என்று சொல்லிவிட்டு, தன் 'உ'வை அப்படியே விட்டாள்.